சோதனைக் குழாயும் வாக்குமூலமும்

'உறை போட்டுத்தான் போனேன். இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது.' இப்படிச் சொல்கிற ஆண்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். ரத்தம் கொடுக்கிறார்கள். தொற்று இல்லை என்று தாள் வருகிறது. பத்து நாள் தூக்கம் வருகிறது. பிறகு 'ஊசிமுனை அளவுக்கு எங்கயாவது கிழிஞ்சிருந்தா?' என்று தொடங்கி, அடுத்த பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

மருத்துவத்தின் பதில் தெளிவானது. கிழியாமல், கழன்றுவிடாமல், தொடக்கம் முதல் முடிவு வரை அணிந்த உறை எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை மிகவும் குறைத்துவிடுகிறது. கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளில் முடிவைச் சொல்லிவிடும். விரலில் குத்திச் செய்யும் துரிதச் சோதனைக்கு 90 நாள். அதற்கப்புறமும் தொடர்கிற பயத்துக்கு வைரஸ் காரணமாக இருக்க முடியாது. வேறு எது காரணம்? இந்தக் கேள்வியை மனநல மருத்துவத்திடம் மட்டும் ஒப்படைத்துவிடாமல் வரலாற்றிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உறை. 1968இல் இந்திய அரசு 'நிரோத்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 15 காசுக்கு மூன்று. டீத்தூளும் சோப்பும் போய்ச் சேர்ந்த வழியிலேயே, பெரிய கம்பெனிகளின் விநியோக வலை மூலமாக, அது பெட்டிக்கடைகளுக்குப் போனது. அப்போது அதன் மேல் இருந்த அர்த்தம் அளவான குடும்பம். அதாவது புருஷன், பெண்டாட்டி, அரசாங்கம் மூவரும் சம்பந்தப்பட்ட விஷயம். எய்ட்ஸ் பிரச்சாரம் வந்தபோது அதே உறை வேறொரு சொல்லாடலுக்குள் நகர்த்தப்பட்டது. 'ஒருவனுக்கு ஒருத்தி' என்பது முதல் அறிவுரை. அது முடியாதவனுக்கு உறை. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். காப்பாற்றும் பொருளே இங்கே தப்பு நடந்ததற்கான தடயமாகவும் ஆகிறது. உறை அணிந்தவன், தான் எங்கே போகிறோம் என்று தெரிந்தே போனவன். நோயிலிருந்து அவனைக் காப்பாற்றும் ரப்பர், குற்றவுணர்விலிருந்து காப்பாற்றுவதில்லை.

அடுத்தது சோதனை. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் எலிசா சோதனைக்கு அனுமதி கிடைத்தது. தானமாக வரும் ரத்தத்தைச் சலித்தெடுக்கவே அது வந்தது. தனிமனிதனுக்கு அவனுடைய உடலைப் பற்றிச் சொல்வது அதன் முதல் வேலையாக இருக்கவில்லை. அதே கருவி சில மாதங்களில் நம் ஊருக்கு வந்த விதம் இன்னும் முக்கியமானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்ட பெண்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குப் போய் ரத்தம் சேகரித்தார். 80 மாதிரிகள். கையுறை இல்லை, வசதி இல்லை. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1986 பிப்ரவரியில் ராத்திரி ரயிலில் அவை காட்பாடிக்குப் போய், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளின் நிறம் மாறியது. அமெரிக்காவில் மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலாவின் உழைப்பு மரியாதைக்குரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு. கண்காணிப்பு என்ற சொல் தற்செயலானதல்ல என்றே நினைக்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் அந்தச் சொல்லின் விரிவுரை. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூஸா ரத்ததானம் செய்தார். தொற்று தெரிந்ததும் போலீஸ் பிடித்துப்போய் 64 நாள் தனிமையில் அடைத்தது. தமிழ்நாட்டில், தொற்று இருக்கிறது என்பதற்காகவே காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களை விடுவிக்க 1990இல் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கென்று ஒரு காப்பகம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடைபடாத அந்த ஆணிடம் அதிகாரம் வேறு வழியில் பேசியது. 2003 வாக்கில் சுவர்களிலும் பதாகைகளிலும் ஒரு கேள்வி எழுந்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' ஊரே சிரித்தது. பேர் ராஜா என்றிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் கேள்வியின் இலக்கணத்தைப் பாருங்கள். படர்க்கையில் கேட்கப்பட்டு, படிக்கிறவனுக்குள் தன்மையாக மாறிவிடுகிறது. எனக்கு வருமா? ஃபூக்கோ 1976இல் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்: நவீன அதிகாரம் பாலியலை வாய்மூட வைப்பதைவிட ஓயாமல் பேச வைக்கிறது, வாக்குமூலமாக. (அவர் 1984இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தபோது இந்தச் சோதனை புழக்கத்துக்கே வரவில்லை.) தமிழக அரசு மருத்துவமனைகளின் சோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். திரும்பத் திரும்ப அங்கே போகிறவன் தேடுவது வைரஸ் இல்லை என்ற தகவலை அல்ல; அது அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 'போனது தப்பில்ல, போ' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தேடுகிறான். எலிசாவுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பயம் முழுக்க ஒரே திசையில் ஓடுகிறது. 'அவளுக்கு இருந்திருக்குமோ?' என்று அவன் ஆயிரம் தடவை கேட்டுக்கொள்கிறான். 'என்னால அவளுக்கு எதாவது?' என்று ஒரு தடவைகூட வருவதில்லை. அந்த அறையில் இரண்டு உடல்கள் இருந்தன. உறை இரண்டையும் காத்தது. உறை கட்டாயம் என்று பெரும்பாலும் வற்புறுத்தியவளும் அவளாகத்தான் இருந்திருப்பாள். ஆனால் அவன் நினைவில் அவள் ஆபத்தின் ஊற்றாக மட்டுமே மிஞ்சுகிறாள். 1986இன் காப்பகம் அவனுடைய மண்டைக்குள் இன்னும் மூடப்படவில்லை.

எச்.ஐ.வி. சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்காமல் யாரையும் சோதிக்கக் கூடாது என்கிறது அது. அந்த ஆறு பேருக்கும் கிடைக்காத உரிமை இது. உரிய நாள் கழிந்து 'இல்லை' என்று வந்த தாளை நம்பலாம். அதற்கு மேலும் உறக்கம் வராதவன், யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்லி நமக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் யோசிப்பது, ஏழாவது தடவை ஊசி குத்திக்கொள்வதைவிடப் பயன்படும்.