டாலஸ் டெக்சன்ஸ் (1952)

டாலஸ் டெக்சன்ஸ் என்பது அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.) 1952ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடிய தொழில்முறை அணி ஆகும். பருவத்தின் நடுவிலேயே இது சொந்த ஊரை இழந்தது. இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உதைபந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து.

தோற்றம்

நியூயார்க் யாங்க்ஸ் அணி நட்டத்தில் முடிந்தபின், டாலஸ் நகரின் இளம் ஜவுளித் தொழிலதிபர் ஜைல்ஸ் மில்லர் தலைமையிலான குழு அதன் வீரர்களைப் பெற்றுப் புதிய அணியைத் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் முதல் என்.எஃப்.எல். அணி இதுவே. பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குத் திரளும் மக்கள் இதற்கும் வருவார்கள் என்று மில்லர் நம்பினார்.

வெற்று இருக்கைகள்

சுமார் 75,000 பேர் அமரக்கூடிய காட்டன் பௌல் அரங்கில், 1952 செப்டம்பர் 28 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்கு 17,499 பேரே வந்தனர். நியூயார்க் ஜயன்ட்ஸ் 24-6 என வென்றது. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் அரங்கு நிறையவில்லை. தொடர் தோல்வி ஒரு காரணம். நிறப் பிரிவினையும் அங்கே நிலவியது. பட்டி யங், ஜார்ஜ் டாலியஃபெரோ என்னும் கறுப்பின வீரர்கள் களத்தில் முன்னணியில் நின்றனர். ஆனால் அவர்களைக் காண வந்த கறுப்பின மக்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கப்பட்டது.

இடமாற்றம்

டாலஸில் நான்கு ஆட்டங்கள் நடந்த நிலையில் பணம் தீர்ந்தது. நவம்பர் 14 அன்று உரிமையாளர்கள் அணியை லீக்கிடமே ஒப்படைத்தனர். லீக்கின் பொறுப்பில், பென்சில்வேனியாவிலுள்ள ஹெர்ஷி என்ற சாக்லேட் நகரில் தங்கிப் பயிற்சி செய்து, எஞ்சிய ஐந்து ஆட்டங்களையும் வெளியூர்களிலேயே வீரர்கள் ஆடினர்.

அதுவரை ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணிக்கு, நன்றி நவிலல் நாளான நவம்பர் 27 அன்று ஓஹியோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஒரு வெற்றி கிட்டியது. எதிரணி வலிமை மிக்க சிகாகோ பேர்ஸ், முடிவு 27-23. பார்த்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். கூட்டம் இவ்வளவு குறைவாக இருப்பதால், வீரர்கள் இருக்கைகளுக்கே சென்று ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கலாம் என்று பயிற்சியாளர் ஜிம்மி ஃபீலன் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர். பருவ முடிவில் கணக்கு: 1 வெற்றி, 11 தோல்விகள்.

பின்விளைவு

அணி கலைக்கப்பட்டது. அதன்பின் எந்த என்.எஃப்.எல். அணியும் இவ்வாறு முற்றிலும் கலைந்ததில்லை. இதன் வீரர்கள் 1953இல் புதிதாக அமைந்த பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு அளிக்கப்பட்டனர். அவர்களுள் ஜீனோ மார்ச்செட்டி, ஆர்ட் டானவன் ஆகியோர் 1958, 1959 ஆண்டுகளில் கோல்ட்ஸ் வாகை சூடத் துணைநின்றனர். பிற்காலத்தில் இருவரும் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றனர். டாலஸ் நகருக்கோ 1960இல் கௌபாய்ஸ் அணி கிடைத்தது. அதன் முதல் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, 1952இன் அந்த முதல் ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் வீரராகக் காட்டன் பௌலில் ஆடியவர்.

பதினொரு தோல்விகளை மட்டும் பார்ப்பவர் இதைத் திறமையற்ற அணி என்றே எண்ணுவர். ஆதரவு இன்றி அலைந்த அதே வீரர்களுள் சிலர், நிலையான ஓர் ஊரும் நல்ல அமைப்பும் வாய்த்தபோது ஆறே ஆண்டுகளில் வாகையர் ஆயினர்.