மீட்போர் பயிற்சியின் வரலாறு: ராணிப்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராணிப்பேட்டையில் வைத்தியமானது நோயாளியைத் தேடிப் புறப்பட்ட சரித்திரம் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. 1866-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சைலஸ் ஸ்கட்டர் இங்கே தொடங்கிய வைத்தியசாலையும், 1870-இல் இவ்வூரிலேயே பிறந்த அவருடைய உறவினர் ஐடா ஸ்கட்டர் பின்னர் வேலூரில் நிறுவிய மருத்துவமனையும் யாவரும் அறிந்தவையே. ஆயினும் நம் விஷயத்திற்கு முக்கியமானது, 1909-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் பெஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டியில் ஏறி, குடியாத்தம் சாலையோர மரநிழல்களில் நிறுத்தி, கிராமத்து ஜனங்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கிய சம்பவமாகும். அவ்வண்டியை ஆம்புலன்ஸ் என்று சொல்வதற்கில்லை. அது நோயாளியைச் சுமந்து வந்ததைவிட, வைத்தியரைச் சுமந்து சென்றதே அதிகம். எனினும் வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்ற தத்துவம் இந்த ஜில்லாவில் வேரூன்றியது அப்போதுதான் என்பது என் துணிபு.

முதலுதவியைச் சாமானியருக்குக் கற்பிக்கும் மரபு வேறொரு வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1877-இல் தோன்றிய செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம், சுரங்கத்திலும் ரயில்வேயிலும் உழைப்போருக்குக் கட்டுப் போடவும் தூக்குக் கட்டிலில் ஏற்றவும் கற்பித்துச் சான்றிதழ் வழங்கியது. அம்முறை இந்தியாவுக்கும் வந்து, தொழிற்சாலைகளிலும் பரவிற்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதற்குச் சட்டபலம் தந்தது. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் இருத்தல் வேண்டும், அதற்கு முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர் ஒருவர் பொறுப்பாளராக வேலை நேரம் முழுவதும் கிடைத்தல் வேண்டும், 500 பேருக்கு மேற்பட்ட ஆலையில் ஆம்புலன்ஸ் அறை அமைதல் வேண்டும் என்பன அதன் 45-ஆம் பிரிவு விதித்தவை. ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யத் தொடங்கிய பாரி கம்பெனி போன்ற பெரிய ஸ்தாபனங்களுக்கு இவ்விதி பொருந்திற்று. ஆனால் மேல்விஷாரம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை பரவிய, தோல் பதனிடும் ஷாப்புகளுள் பெரும்பாலானவை சிறியவையாதலால், அவற்றுக்குப் பெட்டி மாத்திரமே பாத்தியதையாயிற்று.

தோல் தொழிலின் அபாயமோ பெட்டிக்குள் அடங்குவதன்று. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடு, அமிலம் கலந்த கழிவுநீரைச் சந்திக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகின்றது. தேங்கிக் கிடக்கும் கசடு அழுகும்போதும் அதுவே பிறக்கின்றது. காற்றினும் கனத்த அவ்வாயு தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசினும், செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துப் போவதால், ‘நாற்றம் போய்விட்டது’ என்று நம்பி இறங்குபவன் மடிகிறான். அவனைத் தூக்க இறங்கும் தோழனும், தோழனைத் தூக்க இறங்கும் தம்பியும் அவ்வாறே மடிகிறார்கள். ‘விஷவாயு தாக்கி’ என்று தொடங்கும் பத்திரிகைச் செய்திகளில் ஒருவர் பெயரோடு நில்லாமல் மூவர், நால்வர் பெயர்கள் தொடர்வதற்குக் காரணம் இதுவே. ஆகவே இவ்வட்டாரத்தில் மீட்புப் பயிற்சியின் முதற்பாடம் இறங்குவதன்று, நிற்பது: சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் மேலே அதைப் பிடித்திருக்கும் ஆளும் இல்லாமல் எவரும் இறங்கலாகாது.

அப்பாடத்தைக் கிரமமாகக் கற்ற படையும் இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது என்பது விசித்திரம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பயனாக 2006-இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் தங்கியுள்ளது. இடிபாடுகளில் தேடுதல், வெள்ளத்தில் மீட்டல், ரசாயன விபத்தைச் சமாளித்தல் ஆகியவற்றோடு, களத்திலேயே முதல்நிலை மருத்துவ உதவி செய்தலும் அவர்களுக்குப் பயிற்றப்படுகின்றது. மீட்பும் சிகிச்சையும் ஒரே கையில் சேர்ந்த இடம் அதுவே. ஆனால், 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, கசடு பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது பாய்ந்து 10 பேரைப் பலிகொண்டதைப் போன்ற விபத்துகளில், உயிரும் சாவும் தீர்மானமாவது முதற் சில நிமிஷங்களில். அந்நிமிஷங்களில் பக்கத்தில் இருப்பவர்கள் படைவீரர்கள் அல்லர், உடன் உழைப்பவர்களே.

2008 செப்டம்பர் 15-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, வண்டியோட்டுதலையும் இக்கல்விக்குள் கொணர்ந்தது. ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநருக்குக் கண்பார்வை, சாலைவிதி அறிவு, ஓட்டும் திறன் அனைத்தும் சோதிக்கப்படுகின்றன. இருப்பினும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை ஒப்புநோக்கின், மருத்துவ உதவியாளருக்கு ஏறத்தாழ 50 நாட்களும் ஓட்டுநருக்குப் 10 நாட்களுமே பயிற்சி எனக் காண்கிறோம். முதுகெலும்பு முறிந்தவனை வைத்துக்கொண்டு வேகத்தடை மீது ஏறுவதும், வளைவில் திடீரென பிரேக் போடுவதும் சிகிச்சையைச் சார்ந்த காரியங்களே என்பதையும், நசுங்கிய காரிலிருந்து ஆளை எடுக்கையில் உதவியாளருக்கு இரண்டாவது கை ஓட்டுநரே என்பதையும் உணர்ந்தால் இந்த ஏற்றத்தாழ்வு நியாயமாகத் தோன்றாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத வாகனத்துக்கு ரூ. 10,000 அபராதம் விதிக்கும் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதையைத் திறக்கலாம், கையைப் பழக்காது.

2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. 2022-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புதிய வளாகம், விபத்துச் சிகிச்சை மையத்துடன் இம்மாவட்டத்தில் நெடுஞ்சாலையருகே திறக்கப்பட்டது. கற்பிக்க வல்ல படையும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையும், மருத்துவமனையும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருக்க, தோல் ஷாப்பின் மேஸ்திரி மட்டும் பயிற்சியின்றி இருப்பது தகாது. ஆலைச் சங்கங்கள் மேஸ்திரிகளையும் தொட்டி வேலைக்காரர்களையும் ஆண்டுதோறும் இம்மூன்றிடமும் பயிற்சிக்கு அனுப்புவதையும், ஓட்டுநர் பயிற்சி நாட்களை அதிகாரிகள் உயர்த்துவதையும் இனியும் தாமதிக்க வேண்டாம்.