நாளங்காடி, அல்லங்காடி, சாலைக் கடைத்தெரு: கடைநேரத்தின் வரலாறு

மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில் பகலில் நடந்தது நாளங்காடி. இரவில் நடந்தது அல்லங்காடி. அங்காடிக்குப் பொழுதே அடைமொழியாயிற்று. கடைநேரத்தை இன்று வரையறுப்பது சட்டம். அம்மாற்றத்தின் விளைவைத் திருவனந்தபுரம் வலியசாலையில் நின்று நோக்கலாம்.

வலியசாலை, அக்ரகாரங்களுடன் அமைந்த பழைய தமிழ்க் குடியிருப்பு. அதன் அருகே, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீள்கிறது சாலைக் கடைத்தெரு. மலையாள வழக்கில் சாலைக் கம்போளம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகருக்குப் பண்டங்கள் தடையின்றிக் கிடைக்க வேண்டித் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் இதனை நிறுவினார். தமிழ் வணிகர் பலர் இங்குத் தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றனர்.

இங்கிலாந்தில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடைப் பணியாளருக்கு வாரத்தில் அரைநாள் ஓய்வளித்தது. இந்தியாவில் பம்பாய் 1939இலும் சென்னை மாகாணம் 1947இலும் கடைகளுக்கெனச் சட்டம் இயற்றின. கேரளச் சட்டம் 1960இல் வந்தது. வாரத்தில் ஒருநாள் கடையை முழுமையாக மூட வேண்டும் என்பது அதன் விதி. அதாவது, ஓய்வு கடைக்கு உரியதாக இருந்தது. முதலாளி, பணியாளர், குடும்பத்தினர் என அனைவரும் அதில் பங்கு பெற்றனர்.

2018ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வடிப்படையை மாற்றியது. கடை எல்லா நாளும் திறந்திருக்கலாம். பணியாளருக்கு வார விடுப்பு உண்டு. பணியின்போது அமரும் உரிமையும் அத்திருத்தத்தின் வழியே கிடைத்தது. அது அரசு தானாக ஈந்த கொடையன்று; கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவில் பி. விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் நடத்திய நெடும் போராட்டத்தின் பயன். தமிழ்நாடு 2021இல் இதனைப் பின்பற்றியது.

எனினும் ஓய்வு கடையிடமிருந்து பணியாளருக்கு இடம்பெயர்ந்தபோது, பணியாளரே இல்லாத கடை விடுபட்டுப் போயிற்று. கணவனும் மனைவியும் நடத்தும் மளிகைக் கடையில் யார் யாருக்கு விடுப்பளிப்பது? பேரங்காடி முறைப்பணியில் ஆள்மாற்றித் திறந்திருக்கும். சிறுகடையில் மாற்றாள் இல்லை. தமிழ்நாடு 2019இல் 24 மணி நேர வணிகத்துக்கு அளித்த அனுமதியும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள கடைகளுக்கே உரியது.

எனவே, நேரத்தை நீட்டித்தால் கடைத்தெரு பிழைக்கும் என்னும் வாதம் பாதி உண்மையே. எல்லாரும் ஒரேநாளில் மூடினால், மூடியவருக்கு வாடிக்கையாளரை இழக்கும் அச்சமில்லை. அப்பொது ஓய்வைத் தெருவின் வணிகர்கள் தம்முள் கூடி மீண்டும் வகுக்க இயலுமா என்பதே சாலை போன்ற கடைத்தெருக்களின் முன் நிற்கும் வினா. பணியாளர் வென்ற உரிமை குறையாமல் அது நிகழ வேண்டும்.