ஒன்றரை ஷிப்ட் ஊருக்கு எத்தனை மதிப்பெண்?

2020 ஜனவரி 16, மாட்டுப்பொங்கல். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 111 நகரங்களில் குடிமக்கள் கருத்துக் கணிப்பைத் தொடங்கிய நாள் அதுதான். உங்கள் ஊர் வாழ்வதற்கு எப்படி இருக்கிறது என்பதே கேள்விகளின் சாரம். பொங்கல் வாரத்துத் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குத் தேதியைக் கேட்டதுமே சிரிப்பு வரும். பனியன் கம்பெனிகளின் கேட் பூட்டியிருக்கும். லைன் வீடுகளின் வாசலில் ஒரு ஜோடி செருப்புகூடக் கிடக்காது. ஊரின் பெரும்பகுதி மதுரைப் பக்கமோ தேனிப் பக்கமோ போய்க் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்.

கணிப்பு மார்ச் 20 வரை நடந்தது. நாடு முழுக்க 32 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் சொன்னார்கள். திரும்பி வந்த திருப்பூர்க்காரர்களும் அதில் கலந்துகொண்டிருக்கக்கூடும். ஆனால் திருப்பூர் போன்ற ஒரு நடுத்தர நகரில் 'குடிமக்கள்' என்பவர் யார் என்ற கேள்வி அந்தப் பொங்கல் விடுமுறையோடு தீர்ந்துவிடவில்லை.

இத்தகைய ஊர்களைத் தரவரிசையில் ஏற்றும் வழக்கம் அண்மைக் காலத்தது. எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் உலக வாழ்தகவுப் பட்டியலில் 2023-ல் 173 நகரங்கள் இருந்தன. இந்தியாவிலிருந்து டெல்லி, மும்பை, சென்னை, அகமதாபாத், பெங்களூரு ஆகிய ஐந்துக்கு மட்டுமே அதில் இடம். ஈரோடும் சேலமும் திருப்பூரும் பெருநகரங்களோடு ஒரே பட்டியலில் உட்கார்ந்தது, 2018 ஆகஸ்டில் அமைச்சகம் தனது முதல் 'எளிதாக வாழ்தல் குறியீட்டை' வெளியிட்டபோதுதான். பட்டியல் வருவதற்கு நூறாண்டு முன்பிருந்தே வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை ஏதோ ஓர் அளவுகோலால் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அளவுகோல்தான் அடிக்கடி மாறியது.

1917-ல் நகராட்சியான திருப்பூரை முதலில் பருத்திச் சந்தையாகத்தான் அறிந்திருந்தார்கள். கதர் இயக்கக் காலத்தில் அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்து இயங்கியது. 1932 ஜனவரியில் கொடியேந்திப் போன குமரன் தடியடிபட்டு உயிர்விட்ட பிறகு, பள்ளிப் பாடங்களில் ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னலாடைத் தொழில் 1920களிலேயே தலைகாட்டிவிட்டாலும், அரை நூற்றாண்டுக்கு அது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியனோடு நின்றது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து கதை மாறியது. 1981-ல் ஐரோப்பியச் சில்லறை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. அதற்குப் பிறகு ஊரின் மதிப்பு என்றால் ஏற்றுமதிக் கோடிதான். 2024-25-ல் அந்த எண் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். 'டாலர் சிட்டி' என்ற பட்டமும் அப்படி வந்ததே.

ஊர் தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூல் நல்ல சான்று. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளிகளாக இருந்து முதலாளிகளான கவுண்டர் சமூகத்தவர், தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதை அவர் பதிவுசெய்கிறார். உழைக்கத்தான் ஊர் என்றால், அங்கே சாக்கடையும் பூங்காவும் பேச்சில் இரண்டாம் பட்சமாவதில் வியப்பில்லை.

காலை 8.30-க்கு உள்ளே போகும் டெய்லர், ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு 8.30-க்கு வெளியே வருகிறார். இடையில் டீ, சாப்பாடு, மறுபடி டீ. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களுக்குக் கீழே பஞ்சுத் தூசும் வெட்டிப்போட்ட பிசிறும் பாதம் மறையக் கிடக்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காதர்பேட்டை பனியன் கடைகளில் கூட்டம். வாரத்தில் ஆறு நாள் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கம்பெனிக்குள் கழிக்கிற இவருக்கு ஊர் நல்ல ஊரா என்பதை இரண்டு மூன்று விஷயங்களே தீர்மானிக்கின்றன: லைன் வீட்டு வாடகை, கடைசி பஸ், நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது.

அந்தத் தண்ணீரின் வரலாறு கொஞ்சம் நீளம்.

சாயப்பட்டறைகள் பெருகப் பெருக நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாகிவிட்டது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு நீர் தர வேண்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவே வெளியேறாத முறைக்கு மாறச் சொன்ன 2006-ன் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2009-ல் உறுதிசெய்தும் சாயநீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரை மீட்கும் அமைப்புகளோடு பட்டறைகள் படிப்படியாகத் திரும்பியபோது, அதே ஊர் 'கழிவே வெளியேற்றாத தொழில் நகரம்' என்று வெளிநாட்டு வாங்குவோரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அவப்பெயரை விளம்பரமாக்கத் திருப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1995-ல் புதிய திருப்பூர் வளர்ச்சிக் கழகம் உருவானதும் தண்ணீருக்காகத்தான். ஏறத்தாழ 1,023 கோடி ரூபாயில், பவானி அருகே காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. அரசும் தனியாரும் கைகோத்த குடிநீர்த் திட்டங்களில் இந்தியாவிலேயே முன்னோடி. சாயப்பட்டறைகள் கொடுக்கும் உயர்ந்த விலையை வைத்து வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுப்பது கணக்கு. 2011-ல் பட்டறைகள் மூடியதும் கணக்கு ஆட்டம் கண்டது. ஊரின் குடிநீர்க் குழாய்கூடப் பனியன் ஆர்டரைச் சார்ந்திருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இத்தனையும் நடந்த பிறகு வந்தது 2018 பட்டியல். 111 நகரங்களில் திருச்சி 12, சென்னை 14, கோவை 25, ஈரோடு 26, திருப்பூர் 29. தலைநகர் புதுடெல்லி 65-ஆவது இடத்தில் இருந்ததை நினைத்தால் கொங்கு மண்டலம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிர்வாகத்துக்கு 25, சமூக வசதிகளுக்கு 25, வீடு, நீர், கழிவு போன்ற கட்டமைப்புக்கு 45, பொருளாதாரத்துக்கு வெறும் 5. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊருக்கு, தன் பலத்தைக் காட்ட நூற்றில் ஐந்து மதிப்பெண்தான் கிடைத்தது. அப்படியும் 29-ஆவது இடம் பிடித்தது குறைத்து மதிப்பிடக்கூடியதல்ல.

2020 குறியீட்டில் பங்கீடு மாறியது. பொருளாதாரத்துக்கு 15, பொங்கல் நாளில் தொடங்கிய அந்தக் கணிப்பில் மக்கள் சொன்ன கருத்துக்கு 30. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 49 நகரங்கள் ஒரு பிரிவு, குறைந்த 62 நகரங்கள் இன்னொரு பிரிவு. 2018-ல் 58-ஆவது இடத்தில் இருந்த பெங்களூரு பெரிய பிரிவில் முதலிடத்துக்கு ஏறியது. இரண்டே ஆண்டில் பெங்களூருவின் சாலை நெரிசல் காணாமல்போனதாக அந்த ஊர்க்காரர் யாரும் சொல்லவில்லை. அளவுகோல் மாறினால் ஊரும் மாறித் தெரியும், அவ்வளவுதான். உடன் வந்த உள்ளாட்சிச் செயல்பாட்டுக் குறியீட்டின் சிறிய பிரிவில் சேலம் 5, திருப்பூர் 6. பின்னாளில் முதலிபாளையம் பக்கம் பாறைக்குழிகளில் குப்பை கொட்டுவதை எதிர்த்து மறியல் செய்த மக்களிடம் இந்த ஆறாம் இடத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

திருப்பூரைச் சிறிய பிரிவில் சேர்த்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பழைய எல்லைக்குள் 4.44 லட்சம் பேர். வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றுவட்ட ஊராட்சிகளும் இணைந்த புதிய மாநகராட்சிக்குள் 8.77 லட்சம்; நகரத் தொகுதியாகப் பார்த்தால் 9.6 லட்சம். ஆக்ஸ்போர்டு எக்கனாமிக்ஸ் 2018-ல் வெளியிட்ட முன்கணிப்பில், 2019 முதல் 2035 வரை உலகில் மிக வேகமாக வளரப்போகும் நகரப் பொருளாதாரங்களில் திருப்பூர் ஆறாவது. ஒரே ஊர், ஒரு தாளில் உலகில் ஆறாவது, இன்னொன்றில் நாட்டில் 29-ஆவது. இரண்டும் பொய்யல்ல, முதலாவது பணத்தைக் கேட்கிறது, மற்றது குழாயைக் கேட்கிறது.

கருத்துக் கணிப்பு முடிந்து ஐந்தாம் நாள் பொதுமுடக்கம் வந்தது. பூட்டிய கம்பெனிகள், அடைபட்ட அறைகள், மே மாதத்தில் பீகாருக்கும் பிற மாநிலங்களுக்கும் புறப்பட்ட சிறப்பு ரயில்கள்: வடமாநிலத் தொழிலாளர்கள் ஊரைப் பற்றிச் சொன்ன கருத்து இது. முடக்கம் தளர்ந்ததும் அவர்களில் பலர் திரும்பி வந்ததும் ஒரு கருத்துதான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைத் தொலைக்காட்சிகள் காட்டின. ஹோலிக்கு ஊர் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று படத்தைப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது தமிழ்நாடு காவல்துறை வழக்குப் போட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பெயரைக் கைப்பேசி வீடியோ ஒன்று ஒரு வாரத்துக்கு ஆட்டிவைத்தது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆள் எண்ணிக்கை 2027 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் மாநகராட்சி பத்து லட்சத்தைத் தாண்டுவதற்கே வாய்ப்பு அதிகம்; தாண்டினால், பழைய பிரிவினை நீடிக்கும் பட்சத்தில், பெங்களூருவும் புனேவும் இருக்கும் பந்தியில் இலை போடுவார்கள். பொங்கலுக்குப் போனவர்கள் திரும்பி, கட்டிங் டேபிள்கள் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும் மாதம் பிப்ரவரி. லைன் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர், ஒன்றரை ஷிப்ட் முடியும் இரவு எட்டரைக்குப் பிறகு வந்தால் ஆள் இருப்பார்கள்.