விருப்ப ஓய்வில் விருப்பம் யாருடையது?

பெருநிறுவனங்கள் பணியாளர்களைக் குறைக்கும்போது, ஆட்குறைப்பைவிட விருப்ப ஓய்வு நாகரிகமானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கைக்குக் கிடைக்கும் தொகைதான் இரண்டுக்குமான வேறுபாடு என்று பலரும் கருதுகின்றனர். என் பார்வையில், வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஓராண்டு பணியாற்றிய தொழிலாளியை நீக்க ஒரு மாத முன்னறிவிப்பையும், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் வகுத்தது. கடைசியில் சேர்ந்தவரே பொதுவாக முதலில் வெளியேற வேண்டும். மீண்டும் ஆளெடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. 100 பேருக்குக் குறையாத ஆலைகளில் அரசின் முன் அனுமதியும் தேவைப்பட்டது. ஆனால், தொழிலாளி தாமாக விரும்பிப் பெறும் ஓய்வு ஆட்குறைப்பு ஆகாது என்று அதே சட்டம் கூறிவிட்டது. ஒரு கையொப்பம் விழுந்தால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. நிர்வாகம் கூடுதல் தொகை கொடுத்து வாங்குவது இந்த விலக்கைத்தான்.

பிஎஸ்என்எல் நிறுவனம் 2019 நவம்பரில், 50 வயது நிறைந்தோருக்கு விருப்ப ஓய்வை அறிவித்தது. முடித்த ஆண்டுக்கு 35 நாள், எஞ்சிய ஆண்டுக்கு 25 நாள் ஊதியம் என்ற கணக்கில், 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மறுத்தவர்கள் பணியில் தொடர்ந்தனர். (அவ்வாண்டு ஊதியமே தள்ளிப்போனதையும் மறப்பதற்கில்லை.)

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதை வேறு. வரி வழக்கின் காரணமாக அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறவில்லை. 2014-இல் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது, பெரும்பாலோர் ஏற்றனர். அதே நவம்பரில் உற்பத்தி நின்றது. மறுத்து நின்றவர்களுக்கு மிஞ்சியது வேலையற்ற ஓர் ஆலை. தொழிலாளர்களில் மிகப் பலர் இளைஞர்கள் என்பதால், பணிக்காலத்தைக் காட்டி அதிகம் கேட்கவும் வழியில்லை. இரண்டிலும் காகிதத்தில் இருந்தது ஒரே சொல்தான்.

தகவல் தொழில்நுட்பத் துறையில் இந்தச் சொல்லும் தேவைப்படுவதில்லை. ‘நீங்களே விலகிவிடுங்கள்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. வற்புறுத்திப் பெற்ற விலகல் செல்லாது என்று வழக்காடலாம். ஆனால், வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் சுமை விலகியவருடையது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முன் அனுமதிக்கான வரம்பை 300 தொழிலாளர்களாக உயர்த்தியுள்ளது. இதனால் வேலைவாய்ப்பு பெருகும் என்கின்றனர் ஆதரிப்போர். எனக்குத் தோன்றுவது வேறு. ஆலைகளில் விருப்ப ஓய்வுத் தொகை உயர்ந்ததற்குப் பெரிதும் காரணம் நிர்வாகத்தின் தாராளம் அன்று. அரசு அனுமதி எளிதில் கிடைக்காது என்ற தயக்கமே. 300-க்குக் குறைவானோர் பணியாற்றும் ஆலைகளில் அந்தத் தயக்கம் நீங்கிவிட்டது. இனி அங்கே தொழிலாளியின் கையொப்பத்துக்கு விலை குறையும்.

விருப்ப ஓய்வுக் கடிதம் கைக்கு வருவோர், மறுத்தால் தம் பணியிடம் நீடிக்குமா என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் ஏற்கெனவே அவர்களுக்குரியவை. மொத்தத் தொகையில் அவற்றைச் சேர்த்துக் காட்டியிருந்தால், கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.