மலையும் லயமும் கணனியும்: ஊவாவின் மண்சரிவுப் பதிவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உலகிலே நிகழும் ஒன்றைக் கணனியிற் போலச்செய்து பார்க்க விரும்புவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா ஒன்றுண்டு. அந்நிகழ்விற் பங்குகொள்ளும் பொருள்கள் எவை என்பதே அவ்வினா. பொருளென ஏற்கப்பட்டது ஒப்புருவாக்கத்தில் இயங்கும். ஏற்கப்படாதது அங்கே இல்லாததாகிவிடும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே சொற்களை உயர்திணை, அஃறிணை என வகுத்துக்கொண்டு மேற்செல்கின்றார். வகுப்பு முந்தியது, வினைமுடிபு அதன் வழிப்பட்டது. கணனி அறிஞர் கடந்த அறுபது ஆண்டுகளிற் கண்ட உண்மையும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கதே. இக்கட்டுரை, ஒப்புருவாக்கத்திற்குத் துணையாக எழுந்த பொருள்நோக்குத் தரவுத்தளங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவ்வரலாறு எழுப்பும் வினாவைப் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளோடும் அங்கு வாழும் தோட்ட மக்களோடும் பொருத்திப் பார்க்க முயல்கின்றது.

பொருள்நோக்கு என்னும் சிந்தனை ஒப்புருவாக்கத்தின் வயிற்றிற் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒஸ்லோ நகரிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே யொகான் டால் ஆகிய இருவரும் 1960களின் தொடக்கத்தில் சிமியூலா என்னும் நிரல்மொழியை உருவாக்க முற்பட்டனர். வரிசையிற் காத்திருக்கும் மக்கள், தொழிற்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாய் நகரும் பண்டங்கள் முதலியவற்றை வெறும் எண்களாக அன்றித் தத்தம் நிலையும் தத்தம் செயலும் உடைய தனித்தனிப் பொருள்களாகக் காட்டுவதே அவர்களது நோக்கம். 1967 இல் உருவான சிமியூலா 67 மொழியில் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய கருத்துகள் முதன்முதலாகத் தெளிவான வடிவம் பெற்றன. இப்பணிக்காக இருவருக்கும் 2001 ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இருவரும் மறைந்தனர்.

எனினும் சிமியூலாவின் பொருள்களுக்கு ஒரு குறை இருந்தது. நிரல் ஓடும்வரையே அவை உயிர்வாழ்ந்தன. நிரல் முடிந்ததும் நினைவகத்திலிருந்து மறைந்தன. அவற்றை நிலையாகச் சேமிக்க வேண்டுமெனில் வேறொரு வடிவிற்கு மாற்ற வேண்டியிருந்தது. 1970 இல் எட்கர் கொட் என்பார் முன்மொழிந்த தொடர்புசார் தரவுத்தளமோ அனைத்தையும் நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாகக் கண்டது. சம்பளப் பட்டியலுக்கும் வங்கிக் கணக்கிற்கும் அது மிகப் பொருத்தமானது. ஆயின், ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய பல பொருள்களைக் கொண்ட ஒப்புருவாக்கத்திற்கு, ஒவ்வொரு முறையும் அட்டவணைகளை உடைத்தும் இணைத்தும் பொருள்களை மீட்க வேண்டிய பெருஞ்சுமை ஏற்பட்டது. இதற்கு விடையாகவே நிரலிலுள்ள பொருளை அவ்வடிவிலேயே நிலைபேறுடையதாக்கும் முயற்சிகள் 1980களில் தோன்றின. ஸ்மோல்டோக் மொழியைத் தழுவிய ஜெம்ஸ்டோன் அவற்றுள் முன்னோடியானது. 1989 இல் அட்கின்சன் முதலிய அறுவர் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தரவுத்தளத்திற்கு இன்றியமையாத இலக்கணங்களை வகுத்தது.

அவ்விலக்கணங்களுள் மூன்று ஒப்புருவாக்கத்திற்குச் சிறப்பாக உரியன. முதலாவது அடையாளம். ஒரு பொருளின் பண்புகள் யாவும் மாறினும் அது அப்பொருளே. மழைக்கு முன்னர் இருந்த சரிவும் மழைக்குப் பின்னர் ஈரம் ஏறிய சரிவும் ஒரே சரிவுதான். இரண்டாவது உட்கிடை. மலையினுள் தோட்டம், தோட்டத்தினுள் பிரிவு, பிரிவினுள் லயம், லயத்தினுள் காம்பிரா, காம்பிராவினுள் குடும்பம் என்னும் தொடரை உடைக்காமலே வைத்திருக்க இயலும். மூன்றாவது நடத்தை. பொருளின் தரவோடு, அது புறத்தாக்கத்திற்கு எவ்வாறு மறுமொழி தரும் என்னும் விதியும் சேர்த்தே வைக்கப்படும். மழைமானியிலிருந்து ஓரளவீடு வந்ததும் சரிவு தன் உறுதியைத் தானே கணித்து, தன்மீதுள்ள லயத்திற்கு அறிவிக்கும் என்றவாறு இதனை விளக்கலாம்.

இனி ஊவாவின் நிலத்தை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. ஊவா தனி மாகாணமானது 1886 இல். புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924 இல். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கென லயங்கள் கட்டப்பட்டன. தேயிலை விளையும் நிலம் தேயிலைக்கே வேண்டியிருந்தமையால், லயத்திற்கான இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை அதிற் குடியிருந்தோரிடம் இருக்கவில்லை. சரிவின் அடியில் திரண்டு கிடக்கும் தளர்ந்த மண்படையின் மேலும் லயங்கள் எழுந்தன. பெருமழை பெய்யும்போது நீர் அம்மண்ணின் துளைகளில் நிறைந்து அழுத்தத்தைக் கூட்டுகின்றது. மண்துகள்களிடையே உள்ள பிடிப்புக் குறைகின்றது. தாங்கும் விசை தள்ளும் விசையிலும் குறைந்த கணத்திற் சரிவு நகர்கின்றது. நீரை வழிநடத்த வெட்டப்பட்ட கான்கள் பராமரிப்பின்றித் தூர்ந்துபோனால், ஓடிப்போக வேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்குகின்றது.

1986, 1989 ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் நிகழ்ந்த பெரும் மண்சரிவுகளையடுத்து, 1990 இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு அபாய வலயப் படமாக்கலைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களாகும். ஆறு காரணிகளுக்கு மொத்தம் 100 புள்ளிகள் பகிரப்பட்டன: சரிவின் சாய்வுக்கு 25, பாறையமைப்பிற்கு 20, நீரோட்டத்திற்கு 20, நிலப்பயன்பாட்டிற்கு 15, மேல்மண்ணுக்கு 10, நிலவுருவிற்கு 10. இவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டு 1:10,000 அளவுத்திட்டப் படங்களில் அபாய வலயங்கள் குறிக்கப்பட்டன. நாட்டின் அறிவியல் வரலாற்றில் இது போற்றத்தக்க பணியென்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன் அமைப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட படலங்களின் அமைப்பாகும். புள்ளி பெறுவது நிலம். லயம் நிலப்பயன்பாட்டின் ஒரு கூறாகவே அங்கு இடம்பெறும்; லயத்திலுள்ள மனிதர் அப்படத்தின் வரம்பிற்கு அப்பாற்பட்டவர்.

அம்மனிதர் எழுதப்பட்ட ஏடுகள் வேறு. காலைப் பெரட்டிற் பெயர் கொடுத்தவரின் வேலைநாள் செக்ரோலிற் பதியப்பட்டது. கங்காணி முறைமை ஓங்கியிருந்த காலத்தில் தொழிலாளியின் கடனைக் காட்டும் துண்டு அவரைத் தோட்டத்தோடு பிணைத்தது. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. இவ்வேடுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். தொழிலாளி உழைப்பாகப் பதியப்பட்டார், கடனாகப் பதியப்பட்டார், எண்ணிக்கையாகப் பதியப்பட்டார். இன்ன மலையில் இன்ன கூரையின் கீழ் வாழும் இன்னார் என்று பதியப்பட்டது அரிது. பல லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன.

இவ்விருவகைப் பதிவுகளும் ஒன்றையொன்று சந்திக்காதிருந்தமையின் விளைவை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மீரியபெத்தையிற் கண்டோம். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டப் பிரிவின் லயங்கள் காலை வேளையில் மண்ணுள் மறைந்தன. எத்தனை பேர் உள்ளே இருந்தனர் என்னும் வினாவிற்கு எவராலும் உடனே விடைகூற இயலவில்லை. முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை நூற்றுக்கணக்கிற் சொல்லப்பட்டது. பள்ளிக்குச் சென்றிருந்த சிறுவரும் வேலைக்குச் சென்றிருந்தோரும் கணக்கில் எடுக்கப்பட்டபோது அத்தொகை ஐம்பதுக்கும் கீழாக இறங்கியது. தொகை குறைந்தது ஆறுதலே. ஆயின் மண்ணைத் தோண்டுவோர் யாரைத் தேடுகின்றோம் என அறியாது தோண்டியமை ஆறுதலளிக்கும் செய்தியன்று. செக்ரோல் அன்று வேலை செய்தவரைக் கூறும். முதியோரையும் குழந்தையையும் கொழும்புக் கடையிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞனையும் அது கூறாது.

பொருள்நோக்குத் தரவுத்தளம் ஒன்று இருந்திருப்பின் என்ன செய்திருக்கும்? சரிவு, லயம், குடும்பம், மழைமானி என நான்கு வகுப்புகளை எண்ணிப்பார்ப்போம். ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்திவரும் பொது எல்லைகளாகும். ஒப்புருவாக்கத்தில் மழையைப் படிப்படியாக ஏற்றிப் பார்க்கலாம். எந்தச் சரிவு எப்பொழுது உறுதியிழக்கும், இறங்கும் மண் எந்த லயத்தை எட்டும், அங்குள்ளோர் எவ்வழியாக எவ்வளவு நேரத்தில் வெளியேறுவர் என்பனவற்றை ஒரே தொடரில் ஆராயலாம். இவற்றுள் மண்ணின் ஓட்டத்தைக் கணிக்கும் ஆற்றல் இன்று கைகூடியுள்ளது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் நிகழ்ந்த பெருஞ்சரிவை யப்பானிய அறிஞர் உருவாக்கிய நிரலைக் கொண்டு ஆய்வாளர் போலச்செய்து காட்டியுள்ளனர். மனிதரைக் குறிக்கும் வகுப்பே இன்னும் வெறுமையாக உள்ளது.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். மீரியபெத்தை ஆபத்தானது என்பது 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டதே. அறிவு இருந்தும் பயன் விளையவில்லையே, தரவுத்தளம் கூடியிருந்தால் மட்டும் என்ன விளைந்திருக்கும் என்று கேட்கலாம். இம்மறுப்பு வலியுடையது. எச்சரிக்கப்பட்டோர் செல்வதற்கு வேறு வீடோ நிலமோ இருக்கவில்லை என்பதே முதற்காரணம். தப்பியோருக்கெனப் பூனாகலைப் பகுதியிலுள்ள மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல், அழிவு நேர்ந்த பின்னரே. கணனி வீடு கட்டாது. காணி உறுதி எழுதாது. ஆயினும் காகிதத்தில் உள்ள எச்சரிக்கை, கோவையிற் சேர்ந்ததும் துயின்றுவிடுகின்றது. நிலைபேறுடைய பொருளாகப் பதியப்பட்ட எச்சரிக்கையோ, அதற்குரிய குடும்பங்கள் இடம்பெயரும்வரை தீராத கடமையாக ஒவ்வொரு மழைக்கும் மீண்டும் எழும். பொறுப்புடையோர் அறியோம் என்று கூறும் வாய்ப்பை அது குறைக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

மற்றொரு தயக்கமும் எண்ணத்தக்கது. பெயர் எழுதிய ஏடு ஒருகாலத்தில் இம்மக்களைக் கட்டிவைத்த ஏடு. துண்டும் ஒரு பதிவுதான். ஆகவே இத்தகைய தரவுத்தளம் யாருடைய கையில் இருக்கும், அதிலுள்ள தம் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் லயத்தில் வாழ்வோருக்கு உரிமை உண்டா என்பன அதன் அமைப்போடு சேர்த்தே தீர்க்கப்படவேண்டியவை.

தூய பொருள்நோக்குத் தரவுத்தளங்கள் சந்தையில் நிலைத்துநிற்கவில்லை. ஐரோப்பிய அணுவாய்வு மையமாகிய சேர்ன் 1990களில் அவற்றை விரும்பி ஏற்றுப் பின்னர் கைவிட்டது. ஆனால் அவற்றின் கருத்துகள் அழியவில்லை. மைக்கல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பேர்க்கிளியில் 1986 இல் தொடங்கிய போஸ்ற்கிரஸ் வழியாக அவை அட்டவணைத் தரவுத்தளங்களுக்குள்ளேயே குடிபுகுந்தன. இன்று அதன் வழித்தோன்றலும் அதனோடு இயங்கும் புவியியல் விரிவும் விலையின்றிக் கிடைக்கின்றன. எனவே கருவியின்மை இனி ஒரு காரணமாகாது.

பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தையே பதுலுசிறிகமவின் மெல்ல நகரும் சரிவு தொட்டுநிற்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மழை பதுளை உட்பட மலைநாடெங்கும் மீண்டும் உயிர்களைக் கொண்டது. இந்நிலையில் கணனியியல் பயிலும் மாணவருக்கும் புவியியல் பயிலும் மாணவருக்கும் தமிழ் பயிலும் மாணவருக்கும் பொதுவான ஒரு பணி காத்திருக்கின்றது: லயம் லயமாகச் சென்று, மக்களின் இசைவோடு, அவர்கள் தம்மைக் குறிக்கும் பெயராலேயே அவர்களைப் பதிதல். சரிவின் சாய்வுக்கு இருபத்தைந்து புள்ளி வழங்கத் தெரிந்த நமக்கு, அதன் அடியில் உறங்குவோரை உயர்திணையாக எழுதவும் தெரிந்திருத்தல் வேண்டும்.