முதல் பக்கத்தில் யாருக்கு இடம்?

ஒரு சொல்லைத் தட்டினால் நொடிக்குள் பத்து முடிவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெரும்பாலும் நாம் முதல் சில முடிவுகளைத் தாண்டிப் போவதில்லை. அந்த வரிசையை அமைத்தவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு அமைத்தார் என்று கேட்பதும் இல்லை. மேல் கீழ் என்று எவராவது அடுக்கினாலே அதன் காரணத்தைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்த அடுக்கையும் கேட்டுப் பார்ப்போம்.

கதை கூகுளில் தொடங்கவில்லை. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லைவிட, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கே தேடலில் மதிப்பு அதிகம் என்று 1972இல் எழுதினார் பிரிட்டிஷ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். ‘பஞ்சமி நிலம்’ என்று நாம் தேடும்போது ‘நிலம்’ ஆயிரம் இடங்களில் கிடைக்கும். ‘பஞ்சமி’தான் நமக்கு வேண்டியதைக் காட்டிக் கொடுக்கும். தேடல் நுட்பத்தின் அடித்தளங்களில் ஒன்று இது. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் ‘ஆர்ச்சி’யை உருவாக்கினார். இணையத்தின் முதல் தேடுபொறியாகக் கருதப்படுவது அதுவே. எம்டேஜ் பார்படோஸ் தீவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. இந்த இருவரின் பெயரும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொடங்கிய யாஹூ, மனிதர்கள் பார்த்துத் தொகுத்த பட்டியல். இணையம் வளர்ந்த வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்கவில்லை. 1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா, பக்கங்களின் முழு எழுத்தையும் இயந்திரத்தால் அலசியது. ஆனால் ஒரு சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதை நம்பியே அன்றைய தேடுபொறிகள் வரிசைப்படுத்தின. அதைப் புரிந்துகொண்ட வணிகர்கள் ஒரே சொல்லை நூறு முறை எழுதி மேலே ஏறினார்கள். 1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்று மட்டுமே, தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் பத்துக்குள் காட்டியது என்று லாரி பேஜும் செர்ஜி பிரினும் பதிவு செய்தார்கள்.

அவர்கள் முன்வைத்த தீர்வு பேஜ்ரேங்க். ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை ஒரு வாக்காகக் கொள்வது. அதிலும் பலரால் சுட்டப்பட்ட பக்கம் தரும் வாக்குக்குக் கூடுதல் எடை தருவது. ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையால் மதிப்பிடும் பழைய முறையின் நீட்சி இது. 1998இல் கூகுள் நிறுவனமானது. முடிவுகள் உண்மையிலேயே மேம்பட்டன. மக்கள் அல்டாவிஸ்டாவை விட்டு வந்தார்கள். போட்டி பயனர்களுக்கு நன்மை செய்த காலம் அது.

ஆனால் அந்த வாக்குமுறையை உற்றுப் பாருங்கள். ஏற்கெனவே பெயர் பெற்றவரின் வாக்குக்கு எடை அதிகம். யாரும் சுட்டாதவர் எவ்வளவு உண்மையை எழுதினாலும் கீழேயே கிடப்பார். கூகுள் பிறகு நூற்றுக்கணக்கான அளவுகோல்களைச் சேர்த்தது. 2011இல் பாண்டா மாற்றம் தரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2019இல் பெர்ட் வந்தபின் கேள்வியின் பொருளை இயந்திரம் இன்னும் நன்றாகப் பிடிக்கத் தொடங்கியது. ஆயினும் பொருத்தமானது வேறு, உண்மையானது வேறு, நியாயமானது வேறு.

கறுப்பினச் சிறுமிகளைப் பற்றித் தேடினால் ஆபாசத் தளங்கள் முதலில் வந்ததைச் சஃபியா நோபிள் அம்பலப்படுத்தினார். 2018இல் அதை நூலாகவும் எழுதினார். யூதப் படுகொலை நடந்ததா என்ற கேள்விக்கு, 2016 இறுதியில் அதை மறுக்கும் வெள்ளை இனவெறித் தளமே முதலில் நின்றது. ஊடகங்களில் எதிர்ப்பு எழுந்த பிறகே வரிசைமுறை மாறியது. சந்தைப் போட்டி இந்தத் தவறுகளைத் திருத்தவில்லை. இழிவுபடுத்தப்பட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும் குரல் கொடுத்தார்கள், அதனால் திருந்தியது.

போட்டிக்கும் பிறகு என்ன ஆயிற்று? விளம்பரத்தை நம்பும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998 கட்டுரையில் எச்சரித்தவர்கள் பேஜும் பிரினும்தான். 2000இல் அவர்கள் நிறுவனமே விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2009இல் மைக்ரோசாஃப்ட் பிங்கைக் கொண்டுவந்தது. ஆனால் பயனர் கூடக் கூடத் தரவு கூடும். தரவு கூடினால் முடிவு மேம்படும். அதனால் மேலும் பயனர் வருவர். இந்தச் சுழலுக்குள் பின்னால் வந்தவர் நுழைவது கடினம். போதாததற்கு, கைபேசிகளிலும் உலாவிகளிலும் இயல்பாகவே தன் தேடல் இருப்பதற்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

தோழர்களே, நீதிமன்றம் செய்வதை நீதிமன்றம் செய்யட்டும். நாம் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரே கேள்வியை இரண்டு தேடுபொறிகளில் கேட்போம். இரண்டாம் பக்கத்தையும் திறப்போம். களத்தில் பார்த்ததை ஊர், தேதி, பெயரோடு எழுதி வைப்போம். அரிய சொல்தான் தேடுபவரைச் சரியான இடத்துக்கு அழைத்து வரும். நம்மவர் எழுதியதை எடுத்தாளும்போது படமாக வெட்டி ஒட்டாமல் இணைப்போடு தருவோம். இணைப்பு வாக்கு என்றால், நம் வாக்கை நாம் ஒருவருக்கொருவர் போடாமல் வேறு யார் போடுவார்கள்?